மலையில் ஒரு சொல்லுக்குத்தான் அனுமதி

யமகாத்தா நகர்
செப்டம்பர் 21

சிஹோ,

நீ சொன்னபடியே காகிதத்தில் எழுதுகிறேன். "உன் விரல் உன் மூளையவிட வேகமா ஓடுது. இனிமே ஏதாவது சொல்லணும்னா தபால்ல போடு. பெட்டி வரைக்கும் நடந்து போறதுக்குள்ளயாவது சூடு ஆறும்" என்று அனுப்பிவிட்டு என் எண்ணை முடக்கிவிட்டாய். தபால் பெட்டி எங்கள் ரோப் கார் பணிமனை வாசலிலேயே இருக்கிறது. சூடு ஆறவில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றங்கரையில் நான் சொன்னதில் என்ன தவறு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சேப்பங்கிழங்குக் குழம்பு என்றால் மாட்டிறைச்சியும் சோயா சாஸும். மலைக்கு இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். உன் அப்பா பன்றி இறைச்சியைப் போட்டு மிசோ விழுதைக் கரைத்தார். "இது கிழங்குக் குழம்பே இல்லீங்க, பன்றி சூப்பு. சூப்புன்னே பேர் வெச்சுட்டா வருஷா வருஷம் சண்டை மிச்சம்" என்றேன். என் அண்ணன் சிரித்தான். அம்மாகூடச் சிரித்தாள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் இரண்டு பக்கத்துக்காரர்களும் இதே கேலியைத்தான் செய்துகொள்கிறோம். உங்கள் ஊர்க்காரர்கள் எங்களுடையதைத் "தண்ணி விட்ட சுகியாக்கி மாட்டுக்கறி" என்பதில்லையா? நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டா போகிறோம்?

உன் அப்பா சுருட்டினார். பேரிக்காய் நறுக்குவதற்கு முன்னாலேயே இரண்டு குடும்பமும் இரண்டு வண்டியில் ஏறிவிட்டோம். கல்யாணத் தேதி பேசத்தானே கூடினோம்? ஒரு சட்டிக் குழம்பால் நின்றுபோயிற்று என்று பணிமனையில் சொன்னால் சிரிப்பார்கள். சொன்னேன். சிரித்தார்கள்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பார்த்த வீட்டை எடுத்துவிட்டேன். சமையலறை ஜன்னல் கிழக்கு பார்த்தது, உனக்குப் பிடிக்கும். சாவி என்னிடம் இருக்கிறது.

நான் என்ன செய்ய வேண்டும்? ஒரே வரியில் எழுது.

தட்சுகி


ஹகுரோ மலையடி
செப்டம்பர் 26

இன்ஜினியர் ஐயா,

ஒரே வரியில் முடியாது.

அப்பாவுக்குக் கோபம் சூப்பு என்று சொன்னதற்கு இல்லை. எங்கள் விடுதிக்கு உங்கள் பக்கத்திலிருந்து வருகிற யாத்திரிகர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டாவது கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள். நீ சட்டியைப் பார்த்தே சொன்னாய். உன் கிண்ணம் கடைசி வரைக்கும் பாயின் மேல் நிரம்பியபடியே இருந்தது. நான்தான் அதை ஆற்றில் கொட்டினேன்.

வீட்டு விஷயமும் அதேதான். "உனக்குப் பிடிக்கும்" என்று எழுதியிருக்கிறாய். கேட்டாயா? இந்த வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. அப்பாவின் முழங்கால் போன குளிர்காலத்திலிருந்தே கெட்டுக் கிடக்கிறது. விருந்தாளிகளுக்குப் படுக்கை போடுவதிலிருந்து எள்ளை அரைத்து எள்-டோஃபு செய்வது வரைக்கும் என் வேலை. இதையெல்லாம் நான் எங்கே தூக்கிக்கொண்டு வருவது, உன் கிழக்கு ஜன்னலுக்கா?

இன்னொன்று. நீயாகக் கண்டுபிடிக்கமாட்டாய், அதனால் சொல்கிறேன். அன்று முதல் கிண்ணம் முடிந்ததும் அப்பா உன்னிடம் ஒன்று கேட்பதாக இருந்தார். வீட்டோடு மாப்பிள்ளையாக வருவாயா, ஹயாசகா என்ற எங்கள் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்வாயா என்று. அதற்கு முந்தின நாள் குளியலறையில் அவர் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அதற்குள் நீ சட்டிக்குப் பெயர் வைத்துவிட்டாய்.

இங்கே எத்தனையோ தடவை வந்திருக்கிறாய். வண்டியை நிறுத்துவாய், என்னை ஏற்றிக்கொள்வாய், கிளம்பிவிடுவாய். தேவதாருக்களுக்கு நடுவே ஏறுகிற படிகளைப் பார்த்து "இங்க ஒரு ரோப் கார் போட்டா ஏழே நிமிஷம்" என்றாய். அவ்வளவுதான் நீ பார்த்த ஹகுரோ.

எனவே இதுதான் என் நிபந்தனை. அக்டோபரில் அப்பா வெளியூர்க்காரர்களை மூன்று நாள் மலை நோன்புக்கு அழைத்துப் போகிறார். நீயும் அவர்களில் ஒருவனாகப் பதிவு செய்துகொண்டு வா. வெள்ளுடை போட்ட நிமிடத்திலிருந்து, அவர் என்ன சொன்னாலும் ஒரே பதில்: "ஏற்கிறேன்." "ஏன்" கிடையாது, "எப்படி" கிடையாது, "தொழில்நுட்பப்படி பார்த்தா" இல்லவே இல்லை. நான் அடுப்படியில் இருப்பேன். உன்னோடு பேசமாட்டேன்.

சிஹோ


யமகாத்தா நகர்
செப்டம்பர் 30

சிஹோ,

பதிவு செய்துவிட்டேன்.

உங்கள் விடுதியின் இணையப் பக்கத்தை முதல் முறையாகப் படித்தேன். பண்பாடு, இயற்கை, உணவு என்று மூன்று படம் போட்டிருக்கிறீர்கள். உணவுப் படத்தில் ஒரு கிண்ணம் கஞ்சி, இரண்டு துண்டு ஊறுகாய். நேர்மையான விளம்பரம். என்ன காலணி, மழை வந்தால் நிறுத்துவார்களா, இரண்டும் போடவில்லை. போடு.

பெயர் விஷயத்தைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கே எனக்கு ஒரு மாலை ஆயிற்று. எனக்குத் தெரியவில்லை.

நான் குழம்பைச் சாப்பிடாமல் சொன்னது உண்மை. அதை யோசித்துப் பார்த்தேன்.

தட்சுகி


யமகாத்தா நகர்
அக்டோபர் 14

சிஹோ,

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா என்னை முன்பின் பார்த்திராதவர் போல வெள்ளுடையை நீட்டினார். அது எனக்கு வசதியாக இருந்தது. நீ கஞ்சிச் சட்டியோடு என்னைக் கடந்து போனாய், திரும்பிப் பார்க்கவில்லை. அது வசதியாக இல்லை.

முதல் நாள் படிகளின் சரிவைக் கணக்குப் போட்டுக்கொண்டே ஏறினேன். எந்த இடத்தில் தூண் நட வேண்டும் என்பது வரைக்கும் வந்துவிட்டேன். மறுநாள் மூடுபனி. முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. வழிகாட்ட உன் அப்பா ஊதுகிற சங்கு மேலேயிருந்து கேட்கிறதா கீழேயிருந்தா என்று பிடிபடவில்லை. எங்கேயோ கணக்கு விட்டுப்போயிற்று. விட்டுப்போனது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நடை பிடித்திருந்தது. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று என்னைக் கேட்காதே.

அறையை மூடிவிட்டுக் கரியில் மிளகாயும் தவிடும் போட்டு நம்மை நடுவில் உட்கார வைக்கிறார்களே, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். காற்றோட்டம் சுழியம். தீயணைப்புத் துறைக்குத் தெரியுமா? உன் அப்பா, "புகையை நல்லா உள்ள இழுங்க" என்றார். பத்துப் பேரும் "ஏற்கி... ஏற்கி..." என்று இருமினோம். ஓசாகாவிலிருந்து வந்திருந்தாரே முரோய் என்ற பல் மருத்துவர் அம்மா, கழிப்பறை வரிசையில் விதியை மீறி என் காதில் சொன்னார்: "தம்பி, ஊருக்குப் போனதும் என் கிளினிக்லயும் இதே சட்டந்தான். வாயைத் திறங்க, ஏற்கிறேன். பிடுங்கப்போறேன், ஏற்கிறேன். ஐயோ, எவ்வளவு நிம்மதி!" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உன் அப்பா பார்த்தார். இன்னும் ஒரு சுற்றுப் புகை.

கடைசி நாள் விருந்தில் அந்தச் சட்டியும் வந்தது. பன்றி இறைச்சி, மிசோ. சாப்பிட்டேன். முதல் கிண்ணம் முழுதாக. நன்றாக இருந்தது. குழம்பு என்று சொல்லமாட்டேன்.

இப்போது மற்றது.

அன்று காலை, உச்சியில், குளத்துக்கு முன்னால் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டளை. முரோய் அம்மாவிடம், "ஊருக்குப் போனதும் தங்கச்சி வீட்டுக்குப் போங்க. நீங்களே போய்க் கூப்பிடுங்க" என்றார். அந்த அம்மா தங்கை விஷயத்தை எப்போது உன் அப்பாவிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "ஏற்கிறேன்" என்று அழுதார். அடுத்தது நான். என் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஒக்குயாமா தம்பி. ஹயாசகா வீட்டுக்கு மகனா வந்துடு. பேரை எடுத்துக்கோ. எனக்கப்புறம் இந்தச் சங்கை நீ ஊது."

"ஏற்கிறேன்" என்றேன். நான் சொல்லவில்லை, என் நாக்கு சொன்னது. மூன்று நாளாக ஒரே பாதையில் ஓடிப் பழகிய நாக்கு. வரிசையில் நின்ற எல்லோரும் என்னைப் பார்த்துத் தலை வணங்கினார்கள். விருந்தில் உன் அப்பா எனக்கு மது ஊற்றினார். மூன்று நாளில் அப்போதுதான் சிரித்தார். இரண்டாவது கிண்ணத்துக்கு நான் ஏன் உட்காரவில்லை என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

எங்கள் வேலையில் பிரேக் சோதனை என்றால் வண்டியை ஓடவிட்டு நிறுத்திப் பார்ப்போம். ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிற வண்டியைக் காட்டி பிரேக் நன்றாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டால் என் வேலை போய்விடும். போக வேண்டியதுதான். ஒரே விடை மட்டும் வரக்கூடிய சோதனை சோதனையே இல்லை.

அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

நீயும் சேர்ந்து செய்த ஏற்பாடா இது? ஆமாம் என்றால் பதில் எழுத வேண்டாம்.

தட்சுகி


ஹகுரோ மலையடி
அக்டோபர் 18

தட்சுகி,

இல்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? நீ கிளம்பிப் போன பிறகு அந்த ஓசாகா அம்மா அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அப்பாவுக்கு மலை மேலயே மாப்பிள்ளை கிடைச்சாச்சு போல! பொண்ணு யாரு, நீங்களா? குடுத்து வெச்சவங்க" என்றார். என் கையில் எள் சலித்த சல்லடை. அதைக் கீழே வைக்காமலே அப்பாவிடம் போனேன்.

"அப்பா, மலையில வெச்சா அதைக் கேட்டீங்க?"

"அவன் ஏத்துக்கிட்டான்."

"அங்க நின்னு, குளத்துல குதின்னாலும் ஏத்துக்கத்தான் செய்வாங்க."

"அதனாலதான் அங்க கேட்டேன்" என்றார். சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அவர் தெரிந்தேதான் செய்திருக்கிறார். உன் வாய்க்குப் பயந்து. இன்னொரு தடவை ஆற்றங்கரையில் கேட்டு இன்னொரு பாயைச் சுருட்ட அவருக்குத் தெம்பு இல்லை. அது நியாயம் என்று நான் சொல்லவில்லை. நீ சொன்னது சரி. சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்.

ஆனால் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் என்னைத் தேடினேன். கஞ்சிச் சட்டியோடு ஒரு தடவை வருகிறேன். அப்புறம் கடைசி வரியில், சந்தேகப்படுவதற்கு இருக்கிறேன். இரண்டு ஆண்கள் ஒரு குளத்துக்கு முன்னால் நின்று என் வீட்டையும் என் பெயரையும் அந்தச் சங்கையும் கைமாற்றிக்கொண்டீர்கள். உனக்குக் கோபம் உன் ஒரு சொல் போயிற்றே என்று. என்னிடம் எந்தச் சொல்லையாவது யாராவது கேட்டீர்களா?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எனக்குச் சங்கு ஊதத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து ஊறுகாய்க் கொட்டகைக்குப் பின்னால் நின்று ஊதுகிறேன். போன பிப்ரவரியில் உதடு வெடித்திருக்கிறதே என்று களிம்பு வாங்கி வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? அது குளிரால் வந்தது இல்லை. அப்பாவுக்கும் தெரியும். பக்கத்து விடுதிக்காரர் ஊதுகிறார் என்று நினைப்பதுபோல் நடித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வீட்டுக்கு மகன் ஒன்றும் தேவையில்லை. கூட்டத்தை மலைக்கு அழைத்துப் போக ஓர் ஆள் வேண்டும். அது நான்தான்.

நேற்று அப்பாவை வெள்ளுடையைக் கழற்றிவிட்டு வரச் சொன்னேன். சாதாரண மேஜை, சாதாரணத் தேநீர். "அப்பா, நான் ஊதறேன். நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க எந்த வார்த்தை வேணும்னாலும் சொல்லலாம்" என்றேன். எழுந்து போய்க் குளியல் தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிட்டார். இன்னும் பதில் இல்லை.

நீயும் பதில் எழுது. எல்லாச் சொல்லும் கையில் இருக்கும்போது எழுது. அவசரமில்லை. (நீ அவசரப்படுவாய்.)

சிஹோ


யமகாத்தா நகர்
அக்டோபர் 27

சிஹோ,

அவசரப்படவில்லை. தேதியைப் பார்.

அந்தக் கடைசி வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்.

பதில் எழுதுவதற்கு முன்னால் ஒன்றைச் செய்து பார்த்தேன். போன வாரம் வேலை முடிந்ததும் கணவாயைத் தாண்டி உங்கள் பக்கம் வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வண்டியிலேயே தூங்கி, விடியலில் மறுபடியும் கணவாய் ஏறி வேலைக்குப் போனேன். தொடர்ந்து அந்த வாரம் முழுக்க. முதல் நாள் மூடுபனியில் தாமதமாகப் போய் மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுத்த நாள் ஒரு கரடி. அப்புறம் பழகிவிட்டது. முடிவு இதுதான்: சாலையில் பனி இல்லாத மாதங்களில் உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வர முடியும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை முடியவே முடியாது. பனிச்சறுக்குக் காலத்தில் ரோப் காரை விட்டு நான் நகரவும் முடியாது.

வேலையை விடமாட்டேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. கம்பிவடத்தில் ஓர் இழை அறுந்திருந்தால் கையுறையோடு தடவியே சொல்லிவிடுவேன். உன் அப்பாவின் சங்கைத் தொடமாட்டேன். எனக்கு ஊத வராது, வந்தாலும் அது உன்னுடையது.

பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

இது உன் அப்பா கேட்டதற்கான பதில் இல்லை. அவரிடம் சொன்னதைத் திரும்பப் பெற்றாயிற்று. உங்கள் விடுதியில் தலைமுறை தலைமுறையாக வந்து தங்குகிற ஊர்க்காரர்கள் ஹயாசகா வீடு எங்கே என்று கேட்டுத்தான் வருகிறார்கள். நாளைக்கு நீ முன்னால் நடக்கும்போது அந்தப் பெயர் உன்னிடம் இருக்க வேண்டும். கல்யாணமானால் இரண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பெயரைத்தான் அரசாங்கம் பதிவு செய்யும். என் பெயர் என் ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கிறது, அங்கே மட்டும்தான் அதற்கு வேலை.

வீட்டில் சொன்னேன். "பெத்து வளர்த்தவங்க பேரை எதுக்குடா விட்டுக் குடுக்குற? அவங்க என்ன அரண்மனையா வெச்சிருக்காங்க?" என்று அம்மா கத்தினாள். "அரண்மனை இல்லம்மா, படி நிறைய இருக்கு" என்றேன். அண்ணன், "விடும்மா. ஒக்குயாமான்னு ஒருத்தன் நான் இருக்கேன்ல? இவன் இங்க இருந்தா வாயாலதான் பேரைக் கெடுப்பான்" என்றான். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. சரியாகிவிடும் என்று எழுத வந்தேன். தெரியாது.

ரயில் நிலைய வீட்டை டிசம்பரிலிருந்து மார்ச் வரை நான் வைத்துக்கொள்கிறேன். நீ எப்போது வருவாய், வருவாயா என்பதை நீ சொல்.

தட்சுகி


ஹகுரோ மலையடி
நவம்பர் 2

தட்சுகி,

உன் கடிதத்தைக் கொதிகலன் அறையில் வைத்துப் படித்தேன். அங்கேதான் யாரும் வரமாட்டார்கள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

நன்றி சொல்லப்போவதில்லை. சொன்னால் நீ எனக்கு ஏதோ தானம் கொடுத்தது போல ஆகிவிடும். இது பேசி முடித்த ஏற்பாடு. என் பங்கு இது: பனிக்காலத்தில் விருந்தாளிகள் குறைவு. வருவேன். எந்த வாரம் என்பதை நான்தான் முடிவு செய்வேன். அந்தச் சமையலறையில் எந்தச் சாமான் எங்கே என்பதையும்.

அப்பா பதில் சொல்லிவிட்டார். முற்றத்தில் முள்ளங்கியைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தோம். என்னிடம் இல்லை, முள்ளங்கியிடம் சொன்னார்: "பனி விழுந்துட்டா படி வழுக்கும். அதுக்கு முன்னாடி ஒரு கூட்டத்தைக் கூட்டிட்டுப் போய்ப் பாரு."

"தனியாவா?"

"என் முட்டி வராது. தனியாத்தான்." இன்னும் இரண்டு முள்ளங்கி கட்டினார். "உன் மூச்சு நல்ல மூச்சு. முடிக்கிற இடத்துலதான் அவசரப்படுற. பக்கத்து விடுதிக்காரனுக்கும் அதே பழக்கம்."

நான் உள்ளே ஓடிவிட்டேன். மறுநாள் காலையில் என் அறை வாசலில் புதுக் கைத்தடி ஒன்று சாய்த்து வைத்திருந்தது. என் உயரத்துக்கு வெட்டியது.

நவம்பர் 8 காலை. கோபேயிலிருந்து வருகிறவர்கள். என் முதல் கூட்டம். பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. நீயும் வா. வரிசையில் கடைசியில் நில், போதும்.

சிஹோ


யமகாத்தா நகர்
நவம்பர் 5

சிஹோ,

வரமாட்டேன்.

அன்று எங்களுக்குக் கம்பிவடம் மாற்றுகிற நாள். விடுப்புக் கேட்டால் கிடைக்கும், கேட்கவில்லை. நான் வரிசையில் நின்றால் நீ திரும்பித் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாய். நானும் சும்மா இருக்கமாட்டேன். படி வழுக்குகிற இடத்தில் கையை நீட்டிவிடுவேன். உன் கூட்டம் உன்னைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்க்கும். உனக்குப் பயமாக இருந்தால் பயத்தோடு ஏறு. நானும் முதல் முறை ரோப் கார் கோபுரத்தில் பயத்தோடுதான் ஏறினேன். யாரும் பக்கத்தில் இல்லாததால்தான் ஏறி முடித்தேன்.

ஒன்பதாம் தேதி மாலை வருகிறேன். வண்டிக்குப் பனிக்காலச் சக்கரம் மாட்டியாயிற்று. வேலை உடுப்பில்தான் வருவேன், வெள்ளை போடமாட்டேன். உன் அப்பாவிடம் சொல்லிவை: பெயரைப் பற்றி அவர் மறுபடியும் என்னிடம் கேட்க வேண்டும், சாதாரண மேஜையில், நீயும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. முடியாது என்ற சொல்லும் அப்போது என்னிடம் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் சரி என்று சொல்வேன். அவர் குளியலறையில் எத்தனை விதமாக வேண்டுமானாலும் சொல்லிப் பார்க்கட்டும், காத்திருக்கிறேன்.

முன்வாசலில் கோபேக்காரர்களின் காலணி நிறைந்திருக்கும். அது விருந்தாளிகள் வழி. நான் அடுப்படிப் பக்கமாக வருகிறேன். தாழ்ப்பாள் போட்டுவிடாதே.

தட்சுகி